செருப்பு பார்த்துக்கொண்டவர்

பு.முட்லூர் தாண்டியதும், டீ குடிக்க நிறுத்தலாமா என்று வேன் டிரைவர் கேட்டான்.

"நிறுத்துங்க" என்றாள் மகேஸ்வரி.

அவன் இறங்கிப் போனான். அவள் முன் சீட்டிலேயே இருந்தாள். பின்னால் அப்பா இருந்தார். ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியால் சுற்றி, ஸ்ட்ரெச்சரோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வழியெல்லாம் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போது ஸ்ட்ரெச்சரின் இரும்புக் கால் மட்டும் சத்தம் போட்டது. அவள் மடியில் ஒரு மஞ்சள் பை இருந்தது. அப்பாவின் சாமான்கள் என்று, அவரோடு வேலை பார்த்த உத்திராபதி கொடுத்தது. இன்னும் திறந்து பார்க்கவில்லை.

கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் வாசனை வந்ததும் பசித்தது. நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

டிரைவர் கிளாசோடு ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தான். "உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டா?"

"வேணாம்."

"குடிங்க. வூட்டுக்குப் போய்ட்டா யாரு டீ போட்டுத் தரப்போறாங்க?"

வாங்கிக் குடித்தாள். சூடாக இருந்தது. அதைத் தவிர வேறு ருசி தெரியவில்லை.

"அப்பாதான?"

"ஆமா."

"இன்னா வேலைல இருந்தாரு?"

இந்தக் கேள்விக்கு அவளிடம் இரண்டு பதில்கள் இருந்தன. லாஞ்சு ஓனர் என்பது ஒன்று. கேட்கிற ஆளைப் பார்த்து அதைச் சொல்லிவிடுவாள். இன்னொன்றை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"சிதம்பரம் கோயில்ல இருந்தாரு."

"பூ கட்டுவாரா?"

"இல்ல. வாசல்ல செருப்பு பாத்துக்குவாரு."

டிரைவர் கிளாசை வாயிலிருந்து எடுத்தான். "கீழ வாசல்ல, வெள்ளத் தாடி வச்சிக்கினு?"

"ஆமா."

"அட, அவரா. எங்க வூட்டுக்காரி ஒருதபா வேற எவளோ செருப்ப மாட்டிக்கினு வந்துட்டா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தப்பறம்தான் தெரியுது. திரும்பி ஓடுனா, இவரு எடுத்துத் தனியா வச்சிருக்காரு. உன் கால்தான் சின்னக் காலு, நீ வருவேன்னு தெரியும்மான்னாராம்." பின்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு ரேடியோவை நிறுத்திவிட்டு வண்டியை எடுத்தான். அது ஓடிக்கொண்டிருந்ததே அதுவரை அவளுக்குத் தெரியவில்லை.

அப்பா சபாபதிக்கு இரண்டு மீன்பிடி லாஞ்சுகள் இருந்தன. முதுநகரில் ஒரு ஐஸ் பிளாண்டில் பங்கு இருந்தது. மீனவக் குப்பத்துக்குத் தலைவரும் அவர்தான். கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை அவருடைய இரண்டு லாஞ்சும் ஆழத்தில் இருந்தன. கீறல்கூட விழாமல் திரும்பி வந்தன. கரையில் கிடந்த மற்றவர்களின் போட்டுகள் சிலாம்பு சிலாம்பாகத் தென்னைமரத்தடியில் கிடந்தன. அடுத்த ஒரு வருஷம் அந்தக் கரையில் மீன் என்றால் சபாபதியின் மீன்தான். வீட்டுக்கு மாடி வந்தது அப்போதுதான்.

ஆனித் தேருக்கும் மார்கழித் தேருக்கும் அவர் சிதம்பரம் போவது வழக்கம். அப்படி ஒரு ஆனித் தேரன்று கோயிலை விட்டு வெளியே வந்தபோது செருப்பு பார்த்துக்கொள்ளும் கடையில் ஆள் இல்லை. திண்டில் உட்கார்ந்து காத்திருந்தார். கூட்டத்தில் வந்த ஒரு பெண் தன் செருப்பையும் பிள்ளைகளின் செருப்பையும் அவர் முன்னால் கழற்றிப் போட்டுவிட்டு, "டோக்கன் குடுப்பா, சாமி வந்துரும்" என்று கையை நீட்டினாள். பட்டு வேட்டியை அவள் பார்க்கவில்லை. கழுத்துச் சங்கிலியைப் பார்க்கவில்லை. அவர் குனிந்து செருப்புகளை எடுத்து வைத்தார். பலகையில் கிடந்த டோக்கனைக் கொடுத்தார். அதற்குள் இன்னொருவர் வந்துவிட்டார். கடைக்கார உத்திராபதி டீ குடித்துவிட்டு வரும்வரை அவர்தான் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அன்று வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "என்னியப் பாத்து, டோக்கன் குடுப்பாங்கிறா! நானும் குடுக்கிறேன்!" அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. அப்பா அப்படிச் சிரித்து அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

அடுத்த மாதமும் போனார். திருவிழா இல்லாத நாட்களிலும் போனார். தை பிறப்பதற்குள் லாஞ்சுகளை விற்றுவிட்டார். போட்டை இழந்தவர்களுக்கு வலையும் இஞ்சினும் வாங்கிக் கொடுத்ததில் அந்தப் பணத்தில் பெரும்பகுதி தீர்ந்தது. வீட்டை அம்மா பேருக்கு எழுதினார். தலைவர் பதவியைச் சாமிக்கண்ணுவிடம் ஒப்படைத்தார். கடைசியில் ஊர் வரியிலிருந்தும் விலகிக்கொண்டார். குப்பத்தில் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டு வரி கொடுக்கிறவன்தான் ஊர்க்காரன். கொடுக்காதவன் அங்கே குடியிருக்கலாம், அவ்வளவுதான்.

"அத மட்டுமாச்சும் வுடாம இருந்திருக்கலாம்ல?" என்று அம்மா கேட்டாள்.

"எல்லாத்தயும் குடுத்துட்டு அத மட்டும் மடில கட்டிக்கினு இன்னா பண்றது, புஷ்பா?" என்றார்.

அதன்பிறகு சிதம்பரத்திலேயே தங்கிவிட்டார். அம்மா அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை. அண்ணன் சுரேந்தர் அப்பாவின் லாஞ்சில் டிரைவராக இருந்தவன். இப்போது சாமிக்கண்ணுவின் ஃபைபர் போட்டில் கூலிக்குப் போகிறான்.

மகேஸ்வரி மட்டும் எப்போதாவது போவாள். கடைசியாகப் போனது மாசி மாதம். அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"ஒரு நாளைக்கு வந்து உக்காருப்பா. கேட்டா லாஞ்சு வச்சிருந்தேன்னு சொல்லு. பொய் இல்லல்ல?"

"வரேன் பாப்பா. ஆனா கேட்டா, செருப்பு பாக்குறேன்னுதான் வாயில வரும்." சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் செருப்பை வாங்கி வைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கொடுப்பதைப் போலவே அவளுக்கும் ஒரு டோக்கன் கொடுத்தார்.

அவள் உள்ளே போனாள். சாமியைப் பார்க்கவில்லை. பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டு மேல வாசல் வழியாக வெளியே வந்து, வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டு வரை தார் ரோட்டில் நடந்தாள். முதுநகரில் இறங்கி ஒரு ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். பிறகு வரவில்லை.

நேற்று அவள் கம்பெனி லேபில் தண்ணீர் சாம்பிள் பார்த்துக்கொண்டிருந்தபோது உத்திராபதியிடமிருந்து போன் வந்தது. அப்பா கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாராம். அண்ணன் கடலில் இருந்தான். அம்மா வரமாட்டேன் என்றுவிட்டாள். மகேஸ்வரி மட்டும் போய்ச் சேர்ந்தாள்.

சாயங்காலம் அப்பா ஒரு தடவை கண் திறந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலையைச் சிரமப்பட்டுத் திருப்பிக் கட்டிலுக்குக் கீழே அவள் காலைத் தேடினார். ரப்பர் செருப்பைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். விடியும்போது போய்விட்டார். நர்ஸ் காட்டிய இடங்களில் அவள் கையெழுத்துப் போட்டாள். கையெழுத்து எப்போதும் போலவே இருந்தது.

வேனில் ஏற்றும்போது உத்திராபதி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். தூக்கமில்லாமல் அவர் கண் சிவந்திருந்தது.

"பாப்பா, உங்கப்பா ஒண்ணு சொல்லியிருக்காரு. நான் போயிட்டா என்னிய வச்சிக்கினு இங்க கோயில் நடையும் நிக்கக் கூடாது, அங்க கடலும் நிக்கக் கூடாதுன்னாரு. நடை எனக்குப் புரியுது. தெருவுல பொணம் கெடந்தா பூசை பண்ண மாட்டாங்க, சனம் காத்துக் கெடக்கும். கடலு இன்னான்னு எனக்குத் தெரில. ஊருல சொன்னா புரிஞ்சிப்பாங்கன்னாரு. நீ மறக்காம சொல்லிடு."

"சரி."

"நல்ல மனுசன். ஆனா உள்ளயே போவ மாட்டாரு. வாசல்லயே குந்திக்கினு இருக்கிறியே, போயி ஒரு கும்புடு போட்டுட்டு வாய்யான்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். வருஷத்துக்கு ரெண்டு தபா அவரே தேர்ல வெளிய வராரு, அப்ப பாத்துக்கறேன்னுவாரு. உள்ள மணி அடிச்சா மட்டும் எழுந்து நிப்பாரு. கையில யாரு செருப்பு இருந்தாலும் சரி, அதோடவே நிப்பாரு." உத்திராபதி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "தேரு அடுத்த வாரம்தான். பாத்துட்டுப் போயிருக்கலாம்."

கெமிக்கல் கம்பெனிகள் இருக்கும் குடிகாடு வந்தபோது டிரைவர் ஜன்னலை ஏற்றினான். "இன்னா நாத்தம்! எப்டித்தான் இருக்கிறாங்களோ." அவள் தினமும் எட்டு மணிக்கு இறங்கும் ஸ்டாப் அது. அவளுக்கு அந்த நாற்றம் தெரிவது எப்போதோ நின்றுவிட்டது. கம்பெனி வாசலில் ஷிப்ட் பஸ் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி வேனைப் பார்த்துக் கும்பிட்டாள். உள்ளே யார் என்று அவளுக்குத் தெரியாது.

வேன் கிழக்கே திரும்பி உப்பனாற்றைத் தாண்டியது. தெரு முனையிலிருந்தே கடற்கரை தெரிந்தது. போட்டுகள் எல்லாம் கரையில் இருந்தன. ஆனால் ஏற்றிப் போட்டிருக்கவில்லை. மூக்கு கடலைப் பார்க்க, அலைக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன. பின்னால் இஞ்சின் மாட்டியிருந்தது. வலையும் ஐஸ் பெட்டியும் ஏற்றியிருந்தது. பையன்கள் போட்டின் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

குப்பத்தில் சாவு விழுந்தால் கடலை நிறுத்துவார்கள். பிணம் எடுத்து அடக்கம் முடியும்வரை ஒரு போட்டும் இறங்காது. ஏற்கெனவே வெளியே போன போட்டும் திரும்பி வந்துவிடும். பணக்காரன், ஏழை என்ற வித்தியாசம் அதில் இல்லை. ஒரு தலைக்கட்டு சாய்ந்தால் ஊர் அன்றைக்குப் பட்டினி கிடக்கும். அப்பா தலைவராக இருந்தவரைக்கும் அவர்தான் மணல்மேட்டில் ஏறி நின்று துண்டை வீசுவார். கடலில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்துப் போட்டைத் திருப்புவார்கள்.

இப்போது அப்பா தலைக்கட்டில் இல்லை. அவருக்குக் கடலை நிறுத்த வேண்டுமா என்று ஊருக்குத் தெரியவில்லை. தடைக்காலம் முடிந்து இப்போதுதான் எல்லாரும் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். இறால் கரைக்குக் கிட்டத்திலேயே பட்டுக்கொண்டிருந்தது.

வேனைப் பார்த்ததும் சுரேந்தர் ஓடி வந்தான். அப்பாவின் தலைப்பக்கத்தைப் பிடித்து இறக்கினான். பிறகு அவளிடம் தணிந்த குரலில், "நிறுத்துங்கன்னு நான் போயி நிக்க மாட்டேன் மகேசு. நிறுத்துனா நிறுத்தட்டும். இல்லாட்டி போவட்டும்" என்றான்.

கரையிலிருந்து ஒருவன் கத்தினான். "ஐஸ் கரையுது தலைவரே! எதுனா ஒரு முடிவச் சொல்லுங்க!"

"பொணம் இப்பதான்டா எறங்குது. பொத்திக்கினு குந்து" என்றார் சாமிக்கண்ணு.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அப்பாவைப் பெஞ்சில் கிடத்தியதும் பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். ரெட்டை லாஞ்சு ஓட்டினவரே, ராசா மாதிரி வாழ்ந்தவரே என்று நீட்டியவள், நடுவில் நிறுத்திவிட்டு, "ஏண்டி, தண்ணி லாரி வந்துச்சா? எங்கூட்டுக் கொடத்த எவளாச்சும் வச்சீங்களா?" என்று கேட்டாள். வைத்தாயிற்று என்று யாரோ சொன்னார்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், "கையப் பாரு, ஒரு மோதிரம் இல்ல. அஞ்சு வெரல்லயும் போட்டிருந்த ஆளு. ஊரான் செருப்பத் தூக்குனா மோதிரம் எங்க நிக்கும்?" என்றாள். தணிந்த குரலில்தான் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது.

அம்மா அழவில்லை. அப்பாவின் தாடியை மட்டும் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். அந்தத் தாடி அவளுக்குப் புதிது. எழுந்து உள்ளே போய், "மகேசு, குளிப்பாட்ட அண்டா எடுக்கணும். வா" என்று கூப்பிட்டாள்.

சமையற்கட்டில் அண்டா கீழேயே இருந்தது. அம்மா அதைத் தொடவில்லை.

"அந்தக் கடக்காரன் எதுனா சொன்னானா?"

மகேஸ்வரி குனிந்து அண்டாவின் காதைப் பிடித்தாள்.

"சொல்லியிருப்பாரு. எனக்குத் தெரியும். கடல நிறுத்த வேணாம்னு சொல்லியிருப்பாரு. அந்த மனுசன் வேற இன்னா சொல்லுவாரு?"

"ஆமாம்மா."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். "நீ யாருகிட்டயும் சொல்லாத."

"அம்மா, அவரு கடைசியா..."

"வுட்டாரு. எல்லாத்தயும் வுட்டாரு, நல்லா வுட்டாரு. ஊரே பாத்துச்சு. செருப்பு பொண்டாட்டி வரா, வழி வுடுன்னு கொழாயடில சொன்னப்ப அவரா நின்னாரு? நான் நின்னேன். உன்னியப் பொண்ணு பாத்துட்டுப் போனவங்க திரும்பாதப்ப அவரா உன் மூஞ்சியப் பாத்தாரு? நான் பாத்தேன்." குரல் உயரவில்லை. அரிசிக்கு உலை வைக்கச் சொல்லும் குரல்தான். "அவருக்குச் சாமிகிட்ட எடம் இருக்கும். நான் இல்லங்கல. நான் நாளைக்கும் அந்தக் கொழாயடிக்குத்தான் போவணும். சபாபதி செத்தன்னிக்குக் கடலு நின்னுச்சுன்னு இருக்கட்டும். எனக்கு அது ஒண்ணு போதும்."

"அவரு கேட்டது அது ஒண்ணுதாம்மா."

"நானும் அது ஒண்ணுதான்டி கேக்குறேன்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அண்டாவை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள்.

சாமிக்கண்ணு பந்தலுக்கு வந்தார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவர் பின்னால் பையன்கள் ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். ஒருவன் தோளில் ஐஸ் பெட்டி இருந்தது. கீழே இறக்கி வைத்தான். மூடி இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டி மணலில் கருப்பாக இறங்கியது.

"தங்கச்சி," என்றார் சாமிக்கண்ணு. "மச்சான் வரியில இல்லங்கறது உனக்கே தெரியும். அவரா வெலகிக்கினாரு. நாங்க தள்ளல. இருந்தாலும் தலைவரா இருந்த மனுசன். இந்தப் பசங்கள்ல பாதிப் பேரு ஓட்டுற இஞ்சினு அவரு வாங்கிக் குடுத்தது. அதனாலதான் யாரும் எறங்காம நிக்கிறோம். இல்லாட்டி வெள்ளாப்புலயே, விடியறதுக்குள்ள போயிருப்பானுங்க."

அம்மா அவரைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மகேசு, நீதான் கடைசில பக்கத்துல இருந்த. மச்சான் எதுனா சொன்னாரா? அவரு வாயில வந்தது எதுவா இருந்தாலும் ஊரு கேக்கும். வேணாம்னு சொல்லியிருந்தா சொல்லிடும்மா. பசங்க கும்புட்டுட்டு எறங்குவாங்க. யாருக்கும் மனஸ்தாபம் வராது."

பையன்கள் அவளையே பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தான். அவள் ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். ஐஸ் கரையும்போது எவ்வளவு சூடு கொடுத்தாலும் தெர்மாமீட்டர் ஏறாது. கடைசித் துண்டு கரையும்வரை பூஜ்யத்திலேயே நிற்கும். இரண்டாம் வருஷம் பிராக்டிகலில் அதை அவள் செய்து பார்த்திருக்கிறாள். சூடெல்லாம் எங்கே போகிறது என்று வைவாவில் கேட்டார்கள். பதில் சொன்னாள், மார்க்கும் வந்தது.

அம்மாவின் கை அப்பாவின் கால்மாட்டில் இருந்தது. வெள்ளைத் துணியின் ஓரத்தைப் பிடித்திருந்தது.

"ஒண்ணும் சொல்லல மாமா" என்றாள் மகேஸ்வரி.

சாமிக்கண்ணு அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சபாபதியோடு ஒரே போட்டில் தொழில் பழகியவர் அவர்.

"நெசமா?"

"நெசமாத்தான்."

அவர் தோளிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு மணல்மேட்டுக்கு நடந்தார். மேலே ஏறி நின்று, கடலைப் பார்த்துத் துண்டை வீசினார். கடலில் யாரும் இல்லை. இருந்தாலும் வீசினார். கரையில் பையன்கள் எழுந்தார்கள். ஒருவன் ஐஸ் பெட்டியைக் காலால் தள்ளி, "போச்சு போ. இன்னிக்கு இதத்தான் நக்கணும்" என்றான். இன்னொருவன் அவன் பிடரியில் தட்டினான். இஞ்சின்களைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். போட்டுகளைக் கயிறு போட்டு இழுத்து, ஒவ்வொன்றாக மணலுக்கு ஏற்றிக் கவிழ்த்தார்கள். ஏலேலோ சத்தம் இல்லாமல் இழுத்தார்கள்.

கடைசிப் போட்டு ஏறிய பிறகு அம்மா வாய்விட்டு அழுதாள். அவ்வளவு நேரம் எங்கே வைத்திருந்தாளோ தெரியாது. தில்லையம்மாள் பாட்டை நிறுத்திவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டாள். சமையற்கட்டில் கேட்ட குரல் இல்லை அது. மகேஸ்வரி அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். தானும் அழவேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை.

குளிப்பாட்டினார்கள். திருநீறு பூசினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். மகேஸ்வரி முறை வந்தபோது அவளும் போட்டாள். மத்தியானம் பிணம் எடுத்தார்கள். எடுப்பதற்கு முன் ஆண்கள் எல்லாரும் பந்தலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். பாடைக்கு முன்னும் பின்னும் வெறுங்காலோடுதான் போகவேண்டும். சங்கு ஊதியதும் கூட்டம் நெருக்கியது. தெரு முனைவரை பெண்கள் போனார்கள். அங்கிருந்து சவுக்குத்தோப்பு வரை ஆண்கள் மட்டும் போனார்கள்.

திரும்பி வந்து பெண்கள் வீட்டைக் கழுவிவிட ஆரம்பித்தார்கள். மகேஸ்வரி ஈரத் தரையில் நிற்க இடமில்லாமல் வெளியே வந்தாள். பந்தலுக்கு வெளியே செருப்புகள் சிதறிக் கிடந்தன. பாடை போனபோது மிதிபட்டு ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சில கவிழ்ந்து, ஒன்று குழாயடி வரைக்கும் போய்க் கிடந்தது.

அவள் மஞ்சள் பையைத் திறந்தாள். இரண்டு வேட்டி. ஒரு சீப்பு. திருநீறு பொட்டலம். அடியில் பேப்பரில் சுற்றி ஒரு ஜோடி செருப்பு. அவளுடையதுதான். மாசி மாதம் விட்டுவிட்டு வந்தது. இடது காலில் பிய்ந்திருந்த வார் தைத்திருந்தது. தூசி இல்லை.

அதைப் பந்தல் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பையை மடித்தாள். பிறகு குனிந்து, பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு செருப்பை நிமிர்த்தினாள். அதன் ஜோடியைத் தேடி எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு அடுத்தது. பெரும்பாலும் ஒரே மாதிரி ரப்பர் செருப்புகள். எதற்கு எது ஜோடி என்று தேய்மானத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஒருவர் குதிகாலை அழுத்தி நடப்பவர். ஒருவருக்கு வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. சாமிக்கண்ணுவின் தோல் செருப்பில் கட்டைவிரல் பதிந்து குழியாகியிருந்தது. ஒரு பையனுக்கு ஒரு கால் நீலம், ஒரு கால் வெள்ளை. இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்ததால் அதுவும் ஜோடிதான். போட்டுக்கொண்டு அப்படியே நடந்து போகிற மாதிரி, மூக்கு வெளியே பார்க்க வரிசையாக வைத்தாள்.

தில்லையம்மாள் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தாள். "இன்னாடி இது? அப்பன் வேலைய நீ எடுத்துக்கினியா?"

மகேஸ்வரி நிமிரவில்லை. தில்லையம்மாள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், வரிசையில் தன் மகனின் செருப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அம்மா ஈரத் தலையோடு வெளியே வந்தாள். வரிசையைப் பார்த்தபடி நின்றாள். குழாயடிக்கு நடந்துபோய், அங்கே தனியாகக் கிடந்த ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து மகேஸ்வரியிடம் நீட்டினாள். மகேஸ்வரி அதை வாங்கி அதன் ஜோடியோடு சேர்த்தாள்.

ஆண்கள் கடலில் முழுகிவிட்டு ஈரத்தோடு வந்தார்கள். "எவன்டா இப்டி அடுக்குனது, கல்யாணச் சத்திரம் மாதிரி?" என்று ஒரு பையன் சொன்னான். அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். யாரும் தேடவில்லை. அவரவர் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு போனார்கள். நீலமும் வெள்ளையும் போனது. சுரேந்தர் மொட்டைத் தலையோடு வந்தான், தன்னுடையதை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். சாமிக்கண்ணு மட்டும் செருப்பில் காலை நுழைத்த பிறகும் நகராமல் நின்றார்.

"இனிமே எறங்குவானுங்க" என்றார். அவளிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. "போவட்டும்."

அவரும் போனார். மணலில் ஒரு ஜோடி மிச்சம் இருந்தது.

"அது யாருது?" என்று அம்மா வாசற்படியிலிருந்து கேட்டாள்.

"என்னுது."

அம்மா அந்தச் செருப்பைப் பார்த்தாள். தைத்த வாரைப் பார்த்தாள். "போட்டுக்க" என்றாள். "மணல் சுடுது."

மகேஸ்வரி தன் காலைப் பார்த்தாள். வெறுங்காலோடுதான் இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறாள். ரப்பர் செருப்பை எங்கே கழற்றினாள் என்று நினைவில்லை. மணல் சுட்டது. பந்தல் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பைக் கையில் எடுத்தாள்.

கரையில் போட்டுகளை நிமிர்த்தும் பேச்சுச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு இஞ்சின் இருமி, நின்று, மறுபடியும் இருமிப் பிடித்துக்கொண்டது.

அவள் எழுந்து நின்றாள். செருப்பு கையிலேயே இருந்தது.